பெருவழியும் தங்குமிடமும்: விருதுநகர் – சாத்தூர் நெடுஞ்சாலையும் இருக்கன்குடிக் கிளைவழியும்

ஆய்வுச்சுருக்கம்

மதுரையிலிருந்து திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் விருதுநகரும் சாத்தூரும் அடுத்தடுத்து அமைந்த நகரங்கள். இவற்றுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ 25 கி.மீ. சாலையின் வரலாறு, பெரும்பாலும் அதனை அமைத்த அரசுகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. இக்கட்டுரை அச்சாலையை அதன் தங்குமிடங்களின் வழியே நோக்குகிறது. சத்திரம், சுமைதாங்கி, வணிகப் பேட்டை, கோயில் மண்டபம் ஆகியவை இரு நகரங்களையும் எவ்வாறு இணைத்தன என்பதையும், நான்குவழிச் சாலையாக்கத்தால் அவ்விணைப்பின் தன்மை எவ்வாறு மாறியது என்பதையும், அம்மாற்றம் இருக்கன்குடிக்கு நடந்து செல்லும் மக்களை எங்கே நிறுத்தியுள்ளது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெருவழி, பேட்டை, மகமை, சுமைதாங்கி, பாதயாத்திரை, வைப்பாறு, கரிசல் வட்டாரம்

1. முன்னுரை

தமிழில் ‘சாலை’ என்னும் சொல் இருபொருள் உடையது. அறச்சாலை, உணவுச்சாலை, பாடசாலை என்னும் வழக்குகளில் அது மக்கள் கூடித் தங்கும் இடத்தைக் குறிக்கிறது. இன்றைய பொதுவழக்கில் அது மக்கள் கடந்து செல்லும் வழியைக் குறிக்கிறது. பழந்தமிழ் நூல்களும் கல்வெட்டுகளும் நெடுவழியைச் சுட்டப் ‘பெருவழி’ என்னும் சொல்லையே ஆண்டன. ‘சாலை’ என்பது இருபுறமும் மரம் செறிந்த வழிக்குப் பெயராகிப் பின்னரே எல்லா வழிகளுக்கும் பொதுப்பெயராயிற்று. இவ்விரு பொருள்களுக்கும் உள்ள சொற்பிறப்பு உறவை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ‘தங்குதல்’, ‘கடத்தல்’ என்னும் இரு செயல்களும் ஒரே சொல்லுக்குள் நிற்பது, ஒரு நெடுஞ்சாலையின் வரலாற்றை எழுத முனைவோர் கருத்திற்கொள்ளத் தக்கது.

சாலை வரலாறுகள் பொதுவாகக் கடத்தலின் வரலாறுகளாகவே அமைகின்றன. எவர் அமைத்தார், எத்தனை கல் தொலைவு, எப்போது அகலப்படுத்தப்பட்டது என்னும் வினாக்களே அவற்றில் முதன்மை பெறுகின்றன. விருதுநகரையும் சாத்தூரையும் இணைக்கும் சாலையை இவ்வினாக்களால் மட்டும் அறிய முயன்றால், அவ்விரு ஊர்களும் ஏன் நகரங்களாயின என்பதற்கு விடை கிடைப்பதில்லை. வழி இருந்ததனால் மட்டும் ஊர் நகரமாகிவிடுவதில்லை. வழிச்செல்வோர் நின்று தங்கியதனாலேயே நகரமாகிறது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பெருவழி மரபும் வழித்துணை அறங்களும்

மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தும், சுங்கம் கொள்ளும் பெருவழியும், அவ்வழிக்குக் காவல் நின்ற வில்வீரரும் பெரும்பாணாற்றுப்படையில் இடம்பெறுகின்றனர். பொருள் செல்லும் வழியில் பொருள் தண்டுவதும், தண்டியவர் காவல் தருவதும் அக்காலத்திலேயே இணைந்து நின்றன என்பதை இது காட்டுகிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இவ்வகையில் மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்பதை எழுத்தில் பொறித்ததோடு, இரு பெருங்குழிகளாலும் ஒன்பது சிறுகுழிகளாலும் அவ்வெண்ணை அக்கல் உணர்த்துகிறது. எழுத்தறியாத வழிப்போக்கரையும் கணக்கிற்கொண்டே அப்பெருவழி பேணப்பட்டது.

சாத்தூரின் பெயரை ‘சாத்து’ என்னும் வணிகக் குழுவோடு தொடர்புபடுத்துவது இயல்பாகத் தோன்றலாம். ‘சாத்தன்’ என்னும் ஐயனார் பெயரோடு தொடர்புபடுத்தவும் இடமுண்டு. கல்வெட்டுச் சான்று கொண்டு உறுதிசெய்யாமல் இவற்றுள் ஒன்றை வரலாறாகக் கொள்வது பொருந்தாது. ஊர்ப்பெயரைக் காட்டிலும் ஊரின் இருப்பிடமே வலிய சான்று. சாத்தூர் வைப்பாற்றங்கரையில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் மணற்படுகையாகக் கிடக்கும் வைப்பாறு, மழைக்காலத்தில் பெருகினால் வண்டிகளைக் கரையிலேயே நிறுத்திவிடும். ஆற்றைக் கடக்கும் துறையில் காத்திருப்பு நேரும். காத்திருப்பு நேரும் இடத்தில் கடையும் சத்திரமும் தோன்றும்.

தென்பாண்டி நாட்டில் பழைய மரநிழற்சாலைகளை ‘மங்கம்மாள் சாலை’ என வழங்கும் மரபு உண்டு. 1689இல் மதுரை நாயக்க அரசின் ஆட்சிப் பொறுப்பேற்ற இராணி மங்கம்மாளே மதுரை – கன்னியாகுமரிச் சாலையை அமைத்தார் என்பது மக்கள் வழக்கு. அவர் காலத்துக்கு முன்பே வழக்கிலிருந்த வழிகளும் பிற்காலத்தில் அமைந்த சாலைகளும் அப்பெயருக்குள் அடங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆயினும் மக்கள் நினைவு அவரைப் போர் வெற்றிக்காக அன்றி மரத்துக்காகவும் சத்திரத்துக்காகவும் போற்றியது என்பது கவனிக்கத்தக்கது. மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அந்நினைவின் கண்கூடான சின்னம்.

அரசர் அமைத்த சத்திரத்தோடு ஊரார் அமைத்த சிறு அமைப்புகளையும் சேர்த்து எண்ண வேண்டும். தண்ணீர்ப்பந்தல், ஆவுரிஞ்சுகல், மடம் ஆகியவை முப்பத்திரண்டு அறங்களுள் வைத்து எண்ணப்பட்டவை. சுமைதாங்கிக் கல் இவற்றுள் தனித்தன்மை உடையது. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில், இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கப்படுவது அது. பிள்ளைப்பேற்றின்போது வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதனை நிறுவுவது தமிழக மரபு. ஒரு வீட்டின் துயரம் வழிச்செல்லும் எல்லோருக்கும் உரிய இளைப்பாறலாக மாறியது. வழியின் பராமரிப்பு அரசின் கடமையாக மட்டும் கருதப்படவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3. காவல், பேட்டை, மகமை

18ஆம் நூற்றாண்டில் இவ்வழி பாளையங்களின் ஆளுகையில் இருந்தது. வழிச்செல்லும் சரக்குக்குப் பாளையக்காரர்கள் தேசகாவல் என்னும் பெயரில் வரி கொண்டனர். அதற்கு ஈடாகக் களவு நேராமல் காப்பது அவர்கள் கடமையாயிற்று. 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு இதே பெருஞ்சாலையில் உள்ள ஊர். 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிவுற்று, கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, காவல் உரிமைகள் அகற்றப்பட்டு வணிக வழிகள் திறந்தன.

இத்திறப்பின் பயனைப் பெற்றவர்களுள் நாடார் வணிகர்கள் முதன்மையானவர்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட, தமிழக நாடார்களைப் பற்றிய ஆய்வு நூல் இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. தென்கோடித் தேரிக்காட்டுப் பகுதியிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் பொதிமாடுகளிலும் பின்னர் மாட்டு வண்டிகளிலும் ஏற்றி வடக்கே வந்த வணிகர்களுக்கு, இரவில் சரக்கைக் காக்க மதில் சூழ்ந்த இடம் தேவைப்பட்டது. அதுவே பேட்டை. வண்டி நிறுத்தும் திடல், மாட்டுக்கு நீர் காட்டும் கிணறு, சரக்கு இறக்கும் கொட்டகை, வழிபடும் தெய்வம் ஆகியவை ஒரு மதிலுக்குள் அமைந்தன. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகக் குடியிருப்புகள் இத்தகைய பேட்டைகளைச் சூழ்ந்தே வளர்ந்தன.

பேட்டையை நடத்தப் பணம் வேண்டும். அதற்கு அமைந்த வழியே மகமை. விற்கும் சரக்கின் அளவுக்கு ஏற்ப ஒரு சிறுதொகையை உறவின்முறைப் பொதுநிதிக்கு வணிகர் அளித்தனர். தொடக்கத்தில் கிணற்றுக்கும் கொட்டகைக்கும் கோயிலுக்கும் செலவான அந்நிதி, காலப்போக்கில் கல்விக்கும் திரும்பியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுபட்டியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை மகமையால் வளர்ந்த பள்ளி. காமராசர் பயின்ற பள்ளியும் அதுவே. சரக்கின் மீது தண்டப்பட்ட காசு அவ்வூரிலேயே பள்ளியாக நின்றது.

நகர்ப்புற இணைப்பொன்று தனியார் கொடையால் உருவானதற்கு அக்காலத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே வேறொரு சான்றும் உண்டு. தாமிரபரணியின் இருகரைகளில் அமைந்த திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலம், சுலோசன முதலியாரின் பொருட்கொடையால் 1843இல் நிறைவுற்றது. அது தனி ஒருவரின் ஈகை. மகமை ஒரு குழுவின் தொடர்ந்த ஏற்பாடு. இரண்டும் அரசுக்கு வெளியே நின்று வழியைப் பேணிய முறைகள்.

மகமையைப் புகழுரையாக மட்டும் எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பேட்டை சாதி அடிப்படையிலான நிறுவனம். அதன் மதில் கள்வரை மட்டுமன்றிப் பிறரையும் வெளியே நிறுத்தியது. மறுபுறம், பேட்டைக்கு உரிய வணிகர்களே கோயில் நுழைவும் தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமையும் மறுக்கப்பட்டு நின்றனர். 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் அம்மறுப்பின் பின்னணியில் எழுந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டமும் கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் நடக்கும் உரிமையையே முதற்பொருளாகக் கொண்டது. எவர் நடக்கலாம், எவர் எங்கே நிற்கலாம் என்னும் வினா, சாலையின் அகலத்தைப் பற்றிய வினாவுக்கு முற்பட்டது.

4. இருப்புப்பாதையும் தீப்பெட்டியும்

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் விளைவாக இந்தியப் பருத்திக்கு ஏற்பட்ட தேவை கரிசல் வட்டாரத்தின் பொருளாதாரத்தை மாற்றியது. தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் பருத்தி வண்டிகள் பெருகின. 1876இல் மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது விருதுபட்டியும் சாத்தூரும் இரயில் நிலையங்களைப் பெற்றன. சாலைக்கு ஏறத்தாழ இணையாகச் சென்ற இருப்புப்பாதை சாலையின் பயனை அழிக்கவில்லை. சாலையின் திசையை மாற்றியது. அதுவரை வடக்கு – தெற்காகச் சென்ற வண்டிகள், இப்போது கிழக்கிலும் மேற்கிலும் உள்ள சிற்றூர்களிலிருந்து நிலையங்களை நோக்கி வந்தன. பருத்தி அரைவை ஆலைகளும் அழுத்தும் ஆலைகளும் நிலையங்களை ஒட்டி எழுந்தன. 1923இல் விருதுபட்டி நகரவை தன் ஊர்ப்பெயரை விருதுநகர் என மாற்றிக்கொண்டது. பட்டி நகராகிவிட்டது என்பதை அவ்வூரார் தாமே அறிவித்த செயலாக இதனைக் கொள்ளலாம்.

சிவகாசியின் நிலை வேறு. அது பெருஞ்சாலையிலிருந்து மேற்கே விலகி நிற்கும் ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டு தொழில் தொடங்கியபோது சிவகாசிக்கு இரயில் இல்லை. விருதுநகர் – தென்காசிப் பாதை 1927இல்தான் அமைந்தது. அதுவரை மூலப்பொருளும் சரக்கும் சாத்தூரையோ விருதுநகரையோ சாலை வழியே அடைந்தாக வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களாலும் சிவகாசி பெற்ற வளர்ச்சி, விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்னும் முக்கோணச் சாலை அமைப்பின் மேல் எழுந்தது. மாட்டு வண்டிப் பேட்டையின் இடத்தைப் பின்னாளில் லாரி செட்டுகள் எடுத்துக்கொண்டன. சரக்கு இறக்குமிடம், கணக்கர், ஓட்டுநர் உறங்கும் திண்ணை, அருகில் தேநீர்க் கடை என்னும் அமைப்பில் பேட்டையின் சாயல் தொடர்ந்தது. சாத்தூர்க் காராச்சேவும் வெள்ளரிக்காயும் ஊர்கடந்து பெயர் பெற்றது, இங்கே வண்டிகள் நின்றதனால்தான்.

5. இருக்கன்குடி: கிளைவழியின் வரலாறு

சாத்தூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் உள்ளது. இரு கங்கைகள் கூடும் குடி என்பதே ஊர்ப்பெயருக்கு மக்கள் கூறும் விளக்கம். ஆடி மாதக் கடைசி வெள்ளி இக்கோயிலின் பெருவிழா. தை, பங்குனி வெள்ளிகளிலும் கூட்டம் மிகும். விருதுநகர், மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து மக்கள் மஞ்சளாடை அணிந்து, அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் நேர்ந்துகொண்டு வருகின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் நடந்தே வருகின்றனர்.

இக்கோயிலின் வழிபாட்டில் ‘வயனம் காத்தல்’ என்னும் வழக்கம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. அம்மை, கண்நோய் முதலியவற்றால் துன்புற்றோர் கோயிலிலேயே தங்கி, பூசை வேளைகளில் வழங்கும் தீர்த்தத்தைப் பெற்று, நோய் நீங்கும்வரை நோன்பிருப்பது வயனம். கண்டு வணங்கித் திரும்பும் வழிபாட்டினின்று வேறுபட்ட, தங்கியிருக்கும் வழிபாடு இது. பேட்டை வணிகரைத் தங்க வைத்ததுபோல, இருக்கன்குடி நோயாளரையும் அவர்தம் உறவினரையும் தங்க வைத்தது. பேட்டையில் இடம்பெறாத உழவரும் கூலித் தொழிலாளரும் பெண்களும் இப்பெருஞ்சாலையைப் பயன்படுத்திய வரலாற்றை அறிய, வணிகச் சான்றுகளைவிட இக்கிளைவழியே நமக்கு உதவும்.

1943ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர் மாநாடு, இந்தியச் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என வகுத்தது. நிதியும் பராமரிப்பும் இவ்வகுப்பின் வழியே ஒழுங்குபெற்றன. நடந்து செல்வோருக்கு இவ்வகுப்பு பொருளற்றது. விருதுநகரில் புறப்பட்டுச் சாத்தூரில் கிழக்கே திரும்பி இருக்கன்குடி சேரும் ஒருவருக்கு அது ஒரே வழி. நிருவாகத்துக்கோ அது வெவ்வேறு அலுவலகங்களின் பொறுப்பில் உள்ள இருவேறு சாலைகள்.

6. நான்குவழிச் சாலையும் மாறிய இணைப்பும்

வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த தேசிய நெடுஞ்சாலை 7, 2369 கி.மீ. நீளத்தோடு நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலையாக விளங்கியது. 2010ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலில் அதன் தென்பகுதி, சீநகர் – கன்னியாகுமரி தேசிய நெடுஞ்சாலை 44இன் பகுதியாயிற்று. 1998இல் அறிவிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் வடக்கு – தெற்குப் பெருவழியில் விருதுநகர் – சாத்தூர் பகுதியும் அடங்கி நான்குவழியாக விரிந்தது. பட்டம்புதூர், வச்சக்காரப்பட்டி போன்ற ஊர்களின் முன்னே, நடுத்திட்டு பிரித்த அகன்ற சாலை இன்று கிடக்கிறது.

இவ்விரிவாக்கத்தின் பயன்கள் மெய்யானவை. பயண நேரம் குறைந்தது. எதிரெதிரே மோதும் விபத்துகளுக்கு நடுத்திட்டு தடையாயிற்று. அவசர ஊர்தி மதுரையின் பெரிய மருத்துவமனைகளை விரைந்து அடைகிறது. பட்டாசு விபத்துகளில் தீக்காயமுற்றோரை விரைந்து கொண்டுசெல்ல வேண்டிய ஒரு வட்டாரத்தில் இதனைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் இணைப்பின் பொருள் மாறிவிட்டது. முன்பு இச்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் ஒன்றோடொன்று இணைத்தது. இப்போது இரண்டையும் மதுரையோடும் கன்னியாகுமரியோடும் இணைக்கிறது. சாலையோரப் புளியமரங்கள் அகன்றன. சுமைதாங்கிகள் பல இடங்களில் பெயர்க்கப்பட்டோ மண்ணுள் புதைந்தோ போயின.

சாலைப் பொறியியலின் அளவைமுறையும் இங்கு நோக்கத்தக்கது. ஒரு சாலைக்கு எத்தனை தடம் தேவை என்பதைக் கணக்கிட, எல்லா ஊர்திகளையும் கார்க் கணக்குக்கு மாற்றுகின்றனர். அக்கணக்கில் மாட்டு வண்டி ஒன்று பல கார்களுக்கு ஈடான இடையூறு. எந்த வண்டிக்காக இச்சாலை ஒரு காலத்தில் பேணப்பட்டதோ, அதுவே இன்று தடையாக மதிப்பிடப்படுகிறது. நடந்து செல்வோருக்கு அக்கணக்கில் மதிப்பெண்ணே இல்லை.

சுங்கத்தின் தொடர்ச்சியும் மாற்றமும் இதனோடு சேர்ந்தவை. பெருவழிச் சுங்கம், தேசகாவல், மகமை, 1871 உள்ளூர் நிதிச் சட்டத்தின் கீழ் வந்த வரிகள், இன்றைய எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி என ஒரு நீண்ட வரிசை உண்டு. இவற்றுள் எதுவும் முழுமையாக நீதியுடையதன்று. தேசகாவல் கொள்ளைக்கு நிகராக மாறிய காலங்களும் உண்டு. ஆயினும் மகமை தண்டிய ஊரிலேயே அதன் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய கட்டணம் சாலையின் கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் உரியது. அதில் வழிச்செல்வோரின் தங்கல் ஒரு செலவினமாக எண்ணப்படுவதில்லை.

இம்மாற்றத்தின் சுமை ஆடி மாதத்தில் வெளிப்படுகிறது. குழந்தைகளோடும் முதியோரோடும் இரவில் நடக்கும் கூட்டம், விரைந்து செல்லும் ஊர்திகளுக்கு அருகே சாலை விளிம்பில் ஒதுங்கிச் செல்கிறது. நடுத்திட்டைக் கடக்க நேரும் இடங்களில் இடர் மிகுகிறது. நடப்போரின் கவனக்குறைவாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. வரலாற்று நோக்கில் நிலைமை வேறு. அவர்கள் புதிதாக நெடுஞ்சாலைக்குள் வந்தவர்கள் அல்லர். அவர்கள் நடந்துகொண்டிருந்த வழியின்மேல் நெடுஞ்சாலை வந்தது.

7. முடிவுரை

விருதுநகர் – சாத்தூர்ச் சாலையின் வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, அடுத்தடுத்த இரு நகரங்களை இணைத்தது வழியன்று. வழியில் அமைந்த பேட்டை, சத்திரம், நிலையம், லாரி செட், கோயில் மண்டபம் ஆகிய தங்குமிடங்களே. இரண்டாவது, அத்தங்குமிடங்கள் அரசின் நிதியால் மட்டுமன்றி வணிகக் குழுக்களாலும் குடும்பங்களாலும் நடந்தன. அவற்றுள் சாதி வேலியும் இருந்தது, பொதுநலமும் இருந்தது. மூன்றாவது, பேட்டை மதிலுக்கு வெளியே நின்ற மக்களின் சாலை வரலாறு இருக்கன்குடி போன்ற கிளைவழிகளில் பொதிந்துள்ளது.

இவற்றை விரிவாக ஆராய உறவின்முறைகளின் மகமைக் கணக்கேடுகள், கோயில் வரவு செலவு ஏடுகள், எஞ்சியுள்ள சுமைதாங்கிக் கல்லெழுத்துகள், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய உள்ளூர் வாரியங்களின் ஆவணங்கள் ஆகியவை ஒருங்கே தொகுக்கப்பட வேண்டும். சாலைகள் மேலும் அகலும் காலத்தில், சாலையோரக் கற்களைப் பதிவுசெய்யும் பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று. அப்பதிவு நடைமுறைக்கும் பயன்படும். சுமைதாங்கியும் தண்ணீர்ப்பந்தலும் எங்கெங்கே எவ்வளவு இடைவெளியில் நின்றன என்பதை அறிந்தால், நடப்போருக்கான தனித்தடமும் இளைப்பாறுமிடமும் எங்கே வேண்டும் என்பதை அறியலாம். சுமையோடு நடப்பவர் எவ்வளவு தொலைவில் களைப்படைவார் என்பதை நம் முன்னோர் அளந்து, கல்லில் நட்டுவைத்துள்ளனர்.